சங்குமேட்டுப் படகில் ஓர் இடம்

அத்தியாயம் 17

சுவாதியைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் தோளில் பையோடு நிறுத்திவிட்டு, போன வாரம் நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். கடலூர் பஸ் இரண்டு வந்தது, இரண்டும் போனது. அவளுக்கு ஏறத்தான் கால் வரவில்லை.

"ஏறுடி. ஏறாம நின்னா மட்டும் சரியாப் போயிடுமா?" என்றாள் சத்யப்பிரியா. அண்ணாமலை நகர் விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. பெண்ணாடத்துக் கரும்புக்காரர் வீட்டுப் பெண். சுவாதியின் ரகசியம் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான்.

புதிதாக நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்காக அந்த ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவாதியின் ஊர் கடலூரை ஒட்டிய புன்னைக்குப்பம். மீன்பிடி ஊர். அங்கே ஒரு கால்பந்துக் குழு உண்டு. தோற்பதில் படு கெட்டி. அந்தக் குழுவைக் கிண்டலடிப்பதற்கென்றே இன்ஸ்டாவில் ஒரு பக்கம், பெயர் 'ஆஃப்சைடு ஆறுமுகம்'. யாரோ யாருக்கோ அனுப்பிய மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்ததுபோல ஒவ்வொரு பதிவும் இருக்கும். எதிரணியின் கோல் போஸ்ட் நம் குழுவின் ஃபார்வர்டுக்கு எழுதும்: 'தம்பி, ஒரே கிரவுண்டுலதான் இருக்கோம். ஒரு தடவ வந்து பாக்கக் கூடாதா?' பந்து கோச்சிடம் முறையிடும்: 'சார், உங்க பசங்க என்னை யாருன்னே தெரியாத மாதிரி தாண்டிப் போறாங்க.'

எல்லாம் பொய். எல்லாம் சுவாதியின் கைவேலை. அதற்கென்று ஓர் ஆப் வைத்திருந்தாள். இரண்டு பேரின் படத்தைப் போட்டு, பேச்சை டைப் அடித்து, நேரத்தையும் பேட்டரி அளவையும் வைத்துவிட்டால், அசல் மெசேஜுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

அதைப் பார்த்து அதிகம் சிரித்தவர்கள் அந்தக் குழுப் பையன்களே. அவர்களிலும் அதிகம் சிரித்தவன் கோல் கீப்பர் விஜயகுமார், சுவாதியின் சொந்த அண்ணன். "எவன்னு தெரியல பாப்பா, நம்ம ஊர்க்காரன்தான். செம மண்ட அவனுக்கு" என்று அவளுக்கே போன் போட்டுப் படித்துக் காட்டுவான். அவளும் "அப்படியாண்ணா" என்று ஒன்றும் தெரியாத பிள்ளையாகக் கேட்டுக்கொள்வாள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய போட்டுகள் கரையில் கிடக்கும்போது, சுற்றுவட்டார ஊர்கள் ஆளுக்கொரு குழு சேர்த்துக் கோப்பைக்கு ஆடுவது வழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. சங்குமேட்டிடம் புன்னைக்குப்பம் இரண்டு கோலில் தோற்றது. அன்று சாயந்தரம் விடுதிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுவாதி ஒரு ஸ்கிரீன்ஷாட் செய்தாள். சங்குமேட்டுக் குழுவின் மேனேஜர் அன்பரசுவும் தன் அண்ணனும் ஆட்டத்துக்கு முந்தின நாள் பேசிக்கொண்டதாக.

'தம்பி, நாளைக்கு ரெண்டு கோல் மட்டும் விடு.'

'எனக்கு என்ன மாமா குடுப்பீங்க?'

'என்ன வேணும்?'

'உங்க சுருக்குமடிப் படகுல ஒரு எடம்.'

'நின்னுக்கிட்டே வரணுமே?'

'நிக்கிறது நம்ம தொழில் மாமா. நாளைக்குப் பாருங்க, அசையவே மாட்டேன்.'

சத்யப்பிரியா தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு சிரித்தாள். பிறகுதான் கேட்டாள், "சுருக்குமடின்னா என்னடி?"

கடலில் ஒரு மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து, அடியில் கயிற்றை இழுத்து மூடி, குஞ்சு குளுவான் மிச்சமில்லாமல் அள்ளிவிடும் பெரிய வலை. சங்குமேட்டுக்காரர்களிடம் அது உண்டு. சின்ன ஃபைபர் படகும் சின்ன வலையும் வைத்திருக்கும் புன்னைக்குப்பத்துக்கு அதுதான் எமன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதற்காக இரண்டு ஊரும் கடலிலேயே அடித்துக்கொண்டன. ஊர்த் தலைவர் சின்னப்பிள்ளையின் மகன் ஞானசேகரனுக்கு அதில் ஒரு கண் போயிற்று. இதையெல்லாம் சுவாதி தோழிக்கு விளக்கமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பதிவையும் போட்டாள். வாய் சொன்னது புத்திக்கு எட்டவில்லை. இரண்டு வருஷ விடுதிச் சாப்பாடு ஆளை அப்படி மாற்றிவிடும் போலிருக்கிறது.

'எல்லாம் கற்பனை, சிரிச்சிட்டுப் போங்க' என்று அடியில் எப்போதும் ஒரு வரி இருக்கும். யாரோ அந்த வரியையும் பக்கத்தின் பெயரையும் நறுக்கிவிட்டு, மீதியை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை விவரம் தெரிந்ததும் சுவாதி பதறிப்போய் மூலப் பதிவை அழித்தாள். அது அதைவிடப் பெரிய தப்பு. பக்கத்தைப் பார்த்திருந்த பையன்களே, "ஆறுமுகத்துக்கு இந்தத் தடவ நெசமான ஸ்கிரீன்ஷாட் கெடச்சிருக்குடா, அதான் மெரட்டி அழிக்க வச்சிட்டானுங்க" என்று பேச ஆரம்பித்தார்கள்.

இன்று நான்கு மணிக்கு ஊர்க்கூட்டம். விஜயகுமார் சங்குமேட்டான் படகுக்கு விலை போனானா இல்லையா என்று ஊர் கேட்கப்போகிறது. போனான் என்று முடிவானால் அவன் அப்பா பழனிவேலின் படகு இனி புன்னைக்குப்பம் கரையிலிருந்து இறங்காது.

மூன்றாவது பஸ் வந்தது. சத்யப்பிரியா அவளைப் பிடித்துத் தள்ளாத குறையாக ஏற்றிவிட்டாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து சுவாதி அண்ணனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். 'அண்ணா, நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லாத.' ஆலப்பாக்கம் தாண்டும்போது பதில் வந்தது. 'ம்.' அவன் எப்போதும் அப்படித்தான் பதில் போடுவான். அந்த 'ம்'மைக்கூட அவள் பத்து ஸ்கிரீன்ஷாட்டில் பயன்படுத்தியிருக்கிறாள்.

ஓ.டி.யில், அதாவது கடலூர் பழைய டவுனில், இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தாள். புன்னைக்குப்பத்துப் பெண்கள் இருவர் மீன் விற்ற காலிக் கூடையோடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நாளாக இருந்தால், "இன்னா சுவாதி, எளச்சிட்ட, ஆஸ்டல்ல சோறு போட மாட்றாங்களா?" என்று ஆரம்பித்து ஊர் வந்து சேரும்வரை ஓயமாட்டார்கள். இன்று கூடையை நகர்த்தி இடம் விட்டார்கள், அவ்வளவுதான்.

வீட்டில் மூவரும் இருந்தார்கள். பழனிவேல் மோட்டாரைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. மலர்க்கொடி மகளைப் பார்த்ததும், "எதுக்குடி வந்த? பரீச்ச நேரத்துல ஒனக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சத்தம் போட்டுவிட்டு உடனே சோறு எடுத்து வைக்கப் போனாள். விஜயகுமார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

சுவாதி பையைக்கூட இறக்கவில்லை.

"அண்ணா, ஆஃப்சைடு ஆறுமுகம் நான்தான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். புரியாமல் பார்த்தான், பிறகு புரிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அந்தப் படத்தச் செஞ்சது நான்தாண்ணா. அது நெசம் இல்ல. வெளையாட்டுக்குச் செஞ்சேன்."

மலர்க்கொடிக்கு அரை நிமிஷம் ஆயிற்று. பிறகு கரண்டியோடு வந்து மகள் முதுகில் இரண்டு வைத்தாள். "அண்ணன் பேர வச்சா வெளையாடுவ? அந்த வலைப் பேர வச்சா வெளையாடுவ? ஞானசேகரன் மூஞ்சிய நீ பாத்தது இல்ல?" மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையைப் பழனிவேல் பிடித்துக்கொண்டார்.

"வுடு. நல்லதாப் போச்சு. பொய்னு தெரிஞ்சிடுச்சில்ல? கூட்டத்துல சொல்லிட்டா முடிஞ்சிச்சு." அவர் குரலில் மூன்று நாளுக்குப் பிறகு உயிர் வந்திருந்தது.

விஜயகுமார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். "அப்பா, முழுசாப் பொய் இல்ல" என்றான்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"அன்பரசு மாமா எனக்கு நெசமாவே மெசேஜ் போட்டாரு. சனிக்கெழம. கோலப் பத்தி இல்ல. 'ஒன்ன மாரி தெம்பான ஆளு வேணும், எங்க படகுக்கு வந்துடு'ன்னாரு. நான் வேணாம்னுட்டேன்."

சுவாதி கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் போய் எங்கே விழுந்திருக்கிறது பாருங்கள்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றார் பழனிவேல்.

"எப்புடிப்பா சொல்றது? அவன் கூப்புட்டான்னு தெரிஞ்சாலே அசிங்கம். அன்னிக்கே எல்லாத்தயும் டெலீட் பண்ணிட்டேன். ஒரு பாதுகாப்புக்கு இத மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சேன்." போனை நீட்டினான். அன்பரசுவின் அழைப்பும், கீழே அவன் பதிலும் இருந்தன. 'வேணாம் மாமா. எங்க ஊரு மூஞ்சில முழிக்க முடியாது. இனிமே இப்டி மெசேஜ் போடாதீங்க.'

சுவாதி அதை இரண்டு தரம் படித்தாள். தன் அண்ணனைப் பற்றி அவளுக்குப் பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

"அப்புறம் என்ன? ரெண்டையும் காட்டிடலாம்" என்றார் பழனிவேல். "மொதல்ல இவ செஞ்சது பொய்னு சொல்லுவோம். கேட்டா இதையும் காட்டுவோம். நெசம் நம்ம பக்கம் இருக்குது."

சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நன்றாகவே சாப்பிட்டார்.

மாரியம்மன் கோயில் முன்னால் தகரக் கொட்டகை. நான்கு மணிக்கு ஊர் ஆண்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். புன்னைக்குப்பம் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. பெண்ணுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் அப்பனோ புருஷனோ கூடப்பிறந்தவனோ எழுந்து அவளுக்காகச் சொல்ல வேண்டும். மலர்க்கொடியும் சுவாதியும் கொட்டகைக்கு வெளியே மற்ற பெண்களோடு நின்றார்கள். கூட நின்ற பெண்கள் ஓரடி தள்ளி நின்றார்கள்.

சின்னப்பிள்ளை கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருஷமாகத் தலைவர், ஒருவர் குடியைக் கெடுத்ததாகப் பேர் வாங்கியதில்லை. அவர் பக்கத்தில் ஞானசேகரன் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தான்.

பழனிவேல் எழுந்தார். மேடையில் பேசிப் பழக்கமில்லாத மனுஷன், துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே பேசினார். "தலைவரே, ஊர்ப் பெரியவங்களே, அந்தப் படத்த எம்மவ செஞ்சிச்சு. செல்போன்ல கேலியா அந்த மாரிச் செய்யுமாம். புத்தி கெட்டுப்போய்ச் செஞ்சிடுச்சு. எம்பையன் மேல ஒரு தப்பும் இல்ல. எம்மவளுக்காக நான் ஊருகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

சொன்னபடியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். மலர்க்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சின்னப்பிள்ளை அவரைக் கைகாட்டி உட்கார வைத்தார். பிறகு ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

"பழனி, ஒம்மவ படிக்கிற பொண்ணு. அண்ணனுக்கு ஒண்ணுன்னதும் ஓடியாந்து பழியத் தூக்கித் தந்தலயில போட்டுக்குது பாரு. இந்த மாரி தங்கச்சி யாருக்குக் கெடைக்கும்?"

"ஆமா, ஆமா" என்று நாலைந்து குரல்கள் கேட்டன. யாரும் கேலி செய்யவில்லை. மனசாரப் பாராட்டினார்கள். திட்டியிருந்தால்கூடச் சுவாதிக்கு அத்தனை பயமாக இருந்திருக்காது.

அவள் கொட்டகை ஓரத்துக்கு வந்தாள். "அப்பா, நான் செஞ்சு காட்டுறேன்னு சொல்லுங்க. இப்பவே, இங்கயே."

பழனிவேல் கேட்டார். சின்னப்பிள்ளை யோசித்துவிட்டு, "வரட்டும்" என்றார்.

அந்தக் கொட்டகையில் ஒரு பெண் ஆண்களுக்கு நடுவில் போய் நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சுவாதி போனைத் திறந்தாள். வேலையில் இறங்கியதும் விரல் தானாகப் பழக்கத்துக்கு வந்துவிட்டது. தலைவரின் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவிலேயே இருந்தது, பொங்கலுக்கு வெள்ளை வேட்டியில் எடுத்தது. அதை ஒரு பக்கம் போட்டாள், அன்பரசுவை ஒரு பக்கம் போட்டாள். நேரம் 4.20 என்று வைத்தாள். மொத்தம் இரண்டு நிமிஷம்தான். போனை அப்பாவிடம் கொடுத்தாள், அப்பா தலைவரிடம் கொடுத்தார்.

சின்னப்பிள்ளை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

'தலைவரே, எங்க ஊருக்கு எப்ப வர்றீங்க?'

'நாளைக்கே வர்றேன் அன்பு. சுருக்குமடியில எனக்கும் ஒரு எடம் போட்டு வை.'

எங்கோ ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். ஞானசேகரன் எழுந்தே விட்டான். சின்னப்பிள்ளை அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"நான் இத எழுதலியே?" என்றார், குழந்தை மாதிரி.

"நீங்க எழுதலீங்க. எழுதுன மாரி இருக்குது. எங்கண்ணனும் அத எழுதலீங்க."

போன் கை மாறி மாறிப் போனது. ஒவ்வொருவரும் பெரிதாக்கிப் பார்த்தார்கள், தலைவர் முகத்தைப் பார்த்தார்கள், மறுபடி போனைப் பார்த்தார்கள். "அடேங்கப்பா, இப்புடியெல்லாம் வருதா?" என்றார் ஒருவர். "அப்ப எவன் பேர்லயும் எதையும் செஞ்சிடலாம் போலயே" என்றார் இன்னொருவர். குழுப் பையன்கள் விஜயகுமாரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஃபார்வர்டு ஆடுகிற பையன் நகர்ந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சுவாதி வெளியே நிற்கும் அம்மாவைத் தேடினாள். மலர்க்கொடியின் பக்கத்தில் இரண்டு பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். முடிந்தது, தப்பித்தோம் என்று அவள் நினைத்தாள். நானும் அத்தோடு இந்த வாரத்தை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் ஆசைப்பட்டேன்.

"சரி, இது பொய்" என்றார் சின்னப்பிள்ளை. "விஜி, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். சங்குமேட்டான் ஒங்கிட்ட எதுவும் பேசல இல்ல?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் எதிரே கோயில் திறந்திருந்தது. விஜயகுமாருக்கு அங்கே பொய் சொல்ல வரவில்லை. சாட்சி கையில் இருக்கிறது என்ற தைரியம் வேறு.

"பேசுனாரு தலைவரே. படகுக்குக் கூப்ட்டாரு. வேணாம்னுட்டேன். இந்தாங்க, இதுல இருக்குது."

சின்னப்பிள்ளை அந்தப் போனையும் வாங்கிப் படித்தார். ஒரு கையில் தங்கை போன், ஒரு கையில் அண்ணன் போன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இதையும் நீதான் செஞ்சியா, பாப்பா?"

"இல்லீங்க! அது நெசங்க!" சுவாதி கத்தியேவிட்டாள்.

"ரெண்டும் ஒரே மாரித்தான இருக்குது?"

"தலைவரே, அது வந்து... அது அசல்..." என்ன சொல்ல முடியும்? அசலும் போலியும் ஒன்றுபோல இருக்கும் என்று ஊருக்கே பாடம் நடத்தியவள் அவள்தானே.

"பேச்ச போன்ல காட்டச் சொல்லுங்க, மொத்தமா" என்றான் ஞானசேகரன்.

"டெலீட் பண்ணிட்டேன்" என்றான் விஜயகுமார்.

ஞானசேகரன் இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். "அப்பா, அவன் பேசுனான்னு இவனே ஒத்துக்கிட்டான். பேசுனதுக்கு இவன் வாய் சாட்சி. வேணாம்னதுக்குத்தான் படம் காட்டுறான்."

ஃபார்வர்டு பையன் எழுந்து பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டான்.

"கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்றேன் தலைவரே" என்று விஜயகுமார் கோயிலைப் பார்த்து எழுந்தான்.

"வேணாம்டா. நாளைக்கு அவன் வந்து வேற ஒண்ணு சொன்னா அம்மனையும் இதுல இழுத்த மாரி ஆயிடும். உக்காரு." சின்னப்பிள்ளை பஞ்சாயத்தாரோடு குனிந்து பேசினார். பேசி முடித்துத் தீர்ப்பைச் சொன்னபோது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அன்பரசு வந்து, இந்தக் கொட்டகையில நின்னு, கூப்ட்டேன், இவன் வர மாட்டேன்னான்னு சொல்லணும். சொல்ற வரைக்கும் பழனிவேல் வூடு ஊரோட சேராது. படகு தள்ள எவனும் கை குடுக்கக் கூடாது. மலர்க்கொடி கூடைய ஏலத்துல எடுக்கக் கூடாது."

சங்குமேட்டுக்காரன் ஒருவன் புன்னைக்குப்பம் மண்ணை மிதித்து மூன்று வருஷம் ஆகிறது. இனியும் மிதிக்கப்போவதில்லை என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தலைவர் கேட்டது நடக்காத காரியத்தை. கருணையாகத்தான் கேட்டார், அதில் சந்தேகமில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது இன்னும் வெயில் இருந்தது. தெருவில் ஆட்கள் இருந்தார்கள். வழி விட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். மலர்க்கொடி உள்ளே போய் மீன் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். நாளையிலிருந்து அவளிடம் மீன் வாங்க ஊரில் ஆள் இல்லை.

சுவாதி அண்ணன் எதிரில் போய் உட்கார்ந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவே வெட்கமாக இருந்தது.

விஜயகுமார்தான் பேசினான். "அச்சு அசல் என்ன மாரியே எழுதியிருந்த, பாப்பா. நானே ஒரு நிமிஷம், நாமதான் எழுதுனமோன்னு பயந்துட்டேன்."

"அண்ணா..."

"ஒண்ணு கேக்குறேன், நெசத்தச் சொல்லு. அத எழுதறப்ப, இவன் இப்புடிச் செய்யக்கூடிய ஆளுதான்னு ஒனக்குத் தோணிச்சா? ஒரு நிமிஷமாச்சும்?"

"சத்தியமா இல்லண்ணா. நீ செய்யவே மாட்டன்னு தெரிஞ்சதாலதான் அது எனக்குச் சிரிப்பா இருந்திச்சு."

அவன் அதை யோசித்துப் பார்த்தான். "ஊருக்கு அப்புடித் தெரியலியே" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். ஒரு அறை விட்டிருக்கலாமே என்று அவளுக்கு இருந்தது.

பழனிவேல் வெளியிலிருந்து உள்ளே வந்தார். கரைக்குப் போய்ப் படகைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், காலெல்லாம் மணல். கதவைச் சாத்தினார். பட்டப்பகலில் அந்த வீட்டுக் கதவைச் சாத்தி யாரும் பார்த்ததில்லை. மகன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தோளில் கை வைத்தார்.

"விஜி, அப்பாகிட்ட சொல்லலாம். நான் கோவப்பட மாட்டேன்."

"என்னப்பா சொல்லணும்?"

"அந்த ரெண்டாவது படம். நீ வேணாம்னு எழுதுனது." பழனிவேல் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகனிடம் திரும்பினார். "அதையும் பாப்பாதான் செஞ்சு குடுத்துச்சா?"

மலர்க்கொடி அழுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவள் கண்ணும் அதே கேள்வியோடுதான் இருந்தது.

"ஐயோ, இல்லப்பா! நான் செய்யலப்பா!" என்று சுவாதி எழுந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். பழனிவேல் தலையை ஆட்டினார். குழந்தைகள் பொய் சொல்லும்போது பெரியவர்கள் சரி சரி என்று தலையாட்டுவார்களே, அப்படி ஆட்டினார்.

விஜயகுமார் அப்பாவின் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். முரட்டுத்தனமாக இல்லை, மரியாதையாகவே எடுத்து வைத்தான். எழுந்து ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தான்.

"எங்கடா போற?" என்றாள் மலர்க்கொடி.

"அன்பரசு மாமாவ இட்டாரப் போறேன்."

"சங்குமேட்டுக்கா? இப்பவா? டேய், ஊரே பாத்துக்கிட்டு இருக்குதுடா!"

அவன் கதவைத் திறந்தான். சுவாதி ஓடிப்போய் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "வேணாண்ணா. நீ அங்க போனீன்னா முடிஞ்சிச்சுண்ணா. அவன் படகுக்கே போயிட்டான்னுதான் சொல்லுவாங்க. அண்ணா, என் பேச்சக் கேளு!"

"வூட்லயே நம்பல பாப்பா" என்றான் விஜயகுமார். "ஊரு சொன்னா இன்னா, சொல்லாட்டி இன்னா?"

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். கோயில் கொட்டகையில் கூட்டம் இன்னும் கலையவில்லை. தலைவரும் ஞானசேகரனும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். வண்டி அவர்களைத் தாண்டி, தெருமுனையில் சங்குமேட்டுச் சாலையில் திரும்பியதை ஊர் மொத்தமும் பார்த்தது.